சி ஷார்ப்பில் படத்தின் அளவை மாற்றுவதும் அச்சிடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் போட்டோ ஸ்டூடியோ ஒன்றுக்கு, பாஸ்போர்ட் படங்களை ஒரே தாளில் அடுக்கி அச்சிடும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் வேலை என்று ஒப்புக்கொண்டது மூன்று வாரம் இழுத்தது. பிக்சல் அளவை மாற்றுவதும் தாளில் அச்சிடுவதும் ஒரே வேலை என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். அன்று நான் தேடிய கேள்விகளும், பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. எல்லாம் வின்டோஸில், சிஸ்டம்.டிராயிங் நூலகத்தை வைத்துச் சொல்லப்பட்டவை. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். எடிட்டரில் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் மீதியை அதுவே காட்டிவிடும்.

என் படம் 1200க்கு 1800 பிக்சல். அது எத்தனை சென்டிமீட்டர்?

அதற்குச் சென்டிமீட்டர் கணக்கே கிடையாது. 15 புள்ளிக் கோலம் என்று மட்டும் சொன்னால் அது வாசலை அடைக்குமா, உள்ளங்கையில் அடங்குமா என்று எப்படித் தெரியும்? புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதில்தான் அளவு இருக்கிறது. பிட்மேப்பும், அதாவது பிக்சல்களை அடுக்கி வைத்த படமும், அப்படித்தான். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று நெருக்கி வைத்தால் உங்கள் படம் 4க்கு 6 அங்குலம். 96 என்று தளர்த்தி வைத்தால் அதே படம் 12.5க்கு 18.75 அங்குலம். இரண்டிலும் ஒரு பிக்சல்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

ஆனால் கோப்புக்குள்ளேயே டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்று ஓர் எண் இருக்கிறதே?

இருக்கிறது. அது வெறும் சீட்டு. பிஎம்பி கோப்பின் தலைப்பகுதியில் ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று எழுதியிருக்கும். 96 டிபிஐ என்றால் 3780, 300 டிபிஐ என்றால் 11811. பிஎன்ஜியும் மீட்டர் கணக்குதான். ஜேபெக்கில் அங்குலமாகவும் இருக்கலாம், சென்டிமீட்டராகவும் இருக்கலாம். செட்ரெசல்யூஷன் என்ற கட்டளை இந்தச் சீட்டை மட்டும்தான் மாற்றும். "72 டிபிஐயை 300 ஆக்கிவிட்டேன், இன்னும் மங்கலாகவே இருக்கிறது" என்று வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். டப்பாவின் மேல் லேபிளை மாற்றி ஒட்டினால் உள்ளே இருக்கும் சரக்கு மாறுமா?

திரையில் நன்றாக இருக்கும் படம், அச்சில் ஒருமுறை தபால்தலை மாதிரி வருகிறது, ஒருமுறை தாளை விட்டு வெளியே ஓடுகிறது. ஏன்?

டிராஇமேஜ் கட்டளைக்குப் படத்தையும், இடது மேல் மூலையின் இரண்டு எண்களையும் மட்டும் கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்தால் அது மேலே சொன்ன சீட்டைப் படித்து, அதன்படி அளவை முடிவு செய்துகொள்ளும். 1200 பிக்சல் அகலப் படத்தில் 72 என்று எழுதியிருந்தால் தாளில் 16.67 அங்குலம் கேட்கும். ஏ4 தாளின் அகலமே 8.27 அங்குலம்தான். அதே படத்தில் 300 என்றிருந்தால் 4 அங்குலத்தில் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். ஒரு கேமராவில் எடுத்தது சரியாக வருகிறது, இன்னொன்றில் எடுத்தது வரவில்லை என்பதற்கும் இதுவே காரணம். டிராஇமேஜ்அன்ஸ்கேல்டு என்று ஒரு கட்டளை உண்டு. பெயரை நம்பி நானும் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன். அதுவும் இதே சீட்டைத்தான் பார்க்கிறது.

தீர்வு, மூலையை மட்டும் சொல்லாமல் கட்டத்தையே கொடுப்பது: இடது, மேல், அகலம், உயரம் என நான்கு எண்கள். அச்சிடும்போது இந்த எண்கள் இயல்பாக அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. ஆக ஏ4 என்றால் 827க்கு 1169. மில்லிமீட்டரை 25.4ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். பாஸ்போர்ட் படத்தின் அகலமான 35 மில்லிமீட்டர் 137.8 ஆகும், உயரமான 45 மில்லிமீட்டர் 177.2 ஆகும். பின்னம் வருவதால் முழு எண் ரெக்டாங்கிளை விட்டுவிட்டு ரெக்டாங்கிள்எஃப் பயன்படுத்துங்கள். மில்லிமீட்டரிலேயே வேலை செய்ய வேண்டும் என்றால், வரையும் அலகைச் சொல்லும் பேஜ்யூனிட்டை மில்லிமீட்டர் ஆக்கலாம். ஆனால் ஓரம் போக மிஞ்சும் இடத்தைச் சொல்லும் மார்ஜின்பவுண்ட்ஸ் தரும் எண்கள் அப்போதும் நூறில் ஒரு பங்கு அங்குலத்திலேயே இருக்கும். இரண்டையும் கலந்தால் படம் தாளைத் தாண்டிப் போய்விடும்.

அப்படியானால் அச்சிடுவதற்கு முன் படத்தைச் சுருக்கவே வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். பெரிய படத்தை அப்படியே சின்னக் கட்டத்துக்குள் வரையச் சொன்னால் போதும். பிரிண்டருக்கு அதன் அங்குலத்துக்கு 600 புள்ளிக் கணக்குக்குத் தேவையான விவரம் கிடைத்துவிடும். நீங்களே முந்திக்கொண்டு திரைக் கணக்கில் 96 டிபிஐக்குச் சுருக்கி அனுப்பினால், 35 மில்லிமீட்டர் முகத்துக்கு 132 பிக்சல்தான் மிஞ்சும். மூக்குக்கண்ணாடியின் விளிம்பு படிக்கட்டு மாதிரி வரும்.

சுருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. 4000க்கு 3000 பிக்சல் படம் கோப்பில் 4 எம்பியாக இருக்கலாம். நினைவகத்தில் விரியும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி. அதை ஒரு தாளில் எட்டு முறை வரைந்தால் பழைய கம்ப்யூட்டரில் பிரிண்ட் வரிசை மூச்சு வாங்கும். அப்போது பாஸ்போர்ட் படத்தை 600 டிபிஐ கணக்குக்கு, அதாவது 827க்கு 1063 பிக்சலுக்கு ஒருமுறை சுருக்கி வைத்துக்கொண்டு அதையே எட்டு முறை வரையுங்கள். 300 டிபிஐ கணக்கான 413க்கு 531ம் கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்குப் போதும். நான் தாராளமாக விடுவதையே விரும்புகிறேன்.

சரி, சுருக்கியே ஆகவேண்டும். எந்த வழி நல்லது?

மூன்று வழிகள் கண்ணில் படும், இரண்டு பொறி.

முதல் பொறி கெட்தம்ப்நெயில்இமேஜ். கேமரா, தன் கோப்புக்குள் ஒரு குட்டிப் படத்தை ஒளித்து வைத்திருக்கும். இந்தக் கட்டளை அந்தக் குட்டியை எடுத்து, நீங்கள் கேட்ட அளவுக்கு இழுத்துத் தந்துவிடும். 12 மெகாபிக்சல் படம் ஏன் புகைமூட்டமாக வருகிறது என்று கேமராவைத் திட்டுவீர்கள். இரண்டாவது, புதிய பிட்மேப் உருவாக்கும்போதே பழைய படத்தையும் அகல உயரத்தையும் கொடுத்துவிடுவது. ஒரே வரியில் முடியும், குட்டியையும் தேடாது. ஆனால் தரத்தைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு வாய்ப்பே தராது.

மூன்றாவதுதான் நான் செய்வது. வேண்டிய அளவில் வெற்று பிட்மேப் ஒன்று, அதன் மேல் வரைய ஒரு கிராஃபிக்ஸ். அளவு மாறும்போது புதிய பிக்சலின் நிறத்தை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் இன்டர்போலேஷன்மோடில் ஹைகுவாலிட்டிபைக்யூபிக் தேர்ந்தெடுங்கள். வெறும் பைலினியரும் வெறும் பைக்யூபிக்கும் அதிகம் சுருக்குவதற்கு ஆகாது. முதலாவது பாதிக்குக் கீழேயும், இரண்டாவது கால்வாசிக்குக் கீழேயும் போனால் தரம் கெடும் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. பிக்சல்ஆஃப்செட்மோட் ஹைகுவாலிட்டி. காம்போசிட்டிங்மோட் சோர்ஸ்காப்பி. அப்புறம் டிராஇமேஜ்.

இவ்வளவு செய்தும் படத்தைச் சுற்றி மயிரிழை போல வெளிறிய கோடு ஒன்று வரும். வெள்ளைப் பின்னணியில் தெரியாது, நீலப் பின்னணி பாஸ்போர்ட் படத்தில் பளிச்சென்று தெரியும். விளிம்புப் பிக்சலைக் கணக்கிடும்போது படத்துக்கு வெளியே இருக்கும் ஒன்றுமில்லாத இடத்தையும் அது சேர்த்துக் கலக்குவதால் வருவது. இமேஜ்அட்ரிபியூட்ஸ் ஒன்றை உருவாக்கி, செட்ரேப்மோடில் டைல்ஃபிளிப்எக்ஸ்ஒய் கொடுத்து, அதையும் டிராஇமேஜுக்கு அனுப்புங்கள். விளிம்புக்கு வெளியே கண்ணாடியில் பார்ப்பது போல அதே படம் இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும், கோடு மறைந்துவிடும்.

அகல உயர விகிதத்தைக் கணக்கிட்டேன். விடை பூஜ்யம் வருகிறது!

413ஐ 4000ஆல் வகுத்தீர்களா? இரண்டும் முழு எண் என்றால் சி ஷார்ப் விடையையும் முழு எண்ணாகவே தரும், அது பூஜ்யம். பிறகு பூஜ்ய அகலத்தில் பிட்மேப் கேட்டால் 'பாராமீட்டர் இஸ் நாட் வேலிட்' என்று மொட்டையாக ஒரு பிழை வரும். ஏதாவது ஒரு பக்கத்தை டபுள் ஆக்குங்கள்.

சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் ஏன் மங்குகிறது? வேறு மோட் கொடுத்தால் சரியாகுமா?

ஆகாது. இல்லாத விவரத்தை எந்த மோடும் கொண்டுவராது. பக்கத்துப் பிக்சல்களின் இடைப்பட்ட நிறத்தைத்தான் நிரப்பும். படம் வாட்ஸாப்பில் வந்தது என்றால், அனுப்பியவரிடம் டாக்குமெண்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். எல்லா மோடையும் விடப் பயன் தரும் யோசனை அது.

க்யூஆர் கோடு மட்டும் மங்கலாக அச்சாகிறது.

முகத்துக்கு நல்லது செய்யும் பைக்யூபிக், க்யூஆர் கோடுக்கு எதிரி. கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறத்தைக் குழைத்துவிடும். இங்கே பக்கத்துப் பிக்சலின் நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் நியரஸ்ட்நெய்பர்தான் வேண்டும். கூடவே முழு மடங்காகப் பெருக்குங்கள்: ஒரு சதுரத்துக்கு ஒரு பிக்சல் என்று இருக்கும் மூலப்படத்தை 10 மடங்கு, 20 மடங்கு. 7.3 மடங்கு என்றால் சில சதுரம் 7 பிக்சல், சில 8 பிக்சல் என்று கோணலாகும். நியரஸ்ட்நெய்பரோடு பிக்சல்ஆஃப்செட்மோடை ஹாஃப் என்று வைக்க மறந்தால் படம் அரைப் பிக்சல் தள்ளி உட்காரும். இடது, மேல் ஓரச் சதுரங்கள் பாதியாகத் தெரியும். சுற்றிலும் நான்கு சதுர அளவு வெள்ளை விடவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். கடை வாசலில் ஒட்டும் யூபிஐ அட்டையில் அழகுக்காக அந்த வெள்ளையை வெட்டிவிட்டு, ஸ்கேன் ஆகவில்லை என்று தலையைச் சொறிபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போனில் நிமிர்ந்து எடுத்த படம் அச்சில் படுத்துக்கிடக்கிறது.

போன் பிக்சல்களைத் திருப்பி எழுதாமல், "இதைத் திருப்பிக் காட்டு" என்று எக்ஸிஃப் தகவலில் (படக் கோப்போடு கேமரா சேர்த்து எழுதும் விவரங்களில்) ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். அந்தக் குறிப்பின் எண் 274. கேலரி செயலி அதைப் படிக்கும், சிஸ்டம்.டிராயிங் கண்டுகொள்ளாது. நீங்கள்தான் படிக்க வேண்டும். மதிப்பு 6 என்றால் ரொட்டேட்ஃபிளிப்பில் 90 பாகை, 3 என்றால் 180, 8 என்றால் 270. திருப்பிய கையோடு ரிமூவ்ப்ராப்பர்ட்டிஐட்டம் கொண்டு அந்தக் குறிப்பை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் சேமித்த படத்தை வேறொரு செயலி திறந்து, நல்லெண்ணத்தோடு இன்னொருமுறை திருப்பிவிடும்.

4க்கு 6 தாளில் எத்தனை பாஸ்போர்ட் படம் அடங்கும்?

35க்கு 45 மில்லிமீட்டர் படத்துக்குக் கணக்குப் போடுவோம். தாள் 101.6க்கு 152.4 மில்லிமீட்டர். தாளை நிமிர்த்தி வைத்தால் குறுக்கே 2, நெடுக்கே 3, ஆக 6. படுக்கவைத்தால் குறுக்கே 4 பிடிக்கும், அதற்கு 140 மில்லிமீட்டர். நெடுக்கே 2 பிடிக்கும், அதற்கு 90. ஆக 8. லேண்ட்ஸ்கேப்பை ட்ரூ ஆக்கும் ஒரு வரியில் இரண்டு படம் லாபம். மிச்ச இடத்தைச் சமமாகப் பிரித்தால் குறுக்கே 2.48, நெடுக்கே 3.87 மில்லிமீட்டர் இடைவெளி. கத்தரிக்க அது போதும்.

ஆனால் இங்க்ஜெட் பிரிண்டரில் பார்டர்லெஸ் முறையைத் தேர்ந்தெடுத்தால், ஓரத்தில் வெள்ளை தெரியக் கூடாது என்று டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) முழுப் பக்கத்தையும் கொஞ்சம் பெரிதாக்கிவிடும். உங்கள் கணக்கு சரியாக இருந்தும் 35 என்பது 36 ஆகிவிடலாம். முதல் தாளைக் கண்ணால் பார்த்துத் திருப்திப்படாமல் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். ஸ்டூடியோக்காரர் அளப்பார், கவுண்டரில் விண்ணப்பம் வாங்குபவரும் அளப்பார்.

ப்ரீவ்யூவில் நட்டநடுவில் இருக்கிறது. தாளில் வலப்பக்கமும் கீழேயும் தள்ளிப்போகிறது.

என்னை அதிகம் படுத்தியது இதுதான். ப்ரீவ்யூவில் பூஜ்யம் என்பது தாளின் மூலை. உண்மையான அச்சில் பூஜ்யம் என்பது பிரிண்டரால் மை வைக்க முடிகிற பகுதியின் மூலை. பெரும்பாலான பிரிண்டர்கள் தாளின் ஓரத்தில் சில மில்லிமீட்டரைத் தொடவே தொடாது. அந்த ஓரம் அளவுக்கு உங்கள் படம் தள்ளிப்போகிறது. அந்த ஓரத்தின் அளவு பேஜ்செட்டிங்ஸில் ஹார்டுமார்ஜின்எக்ஸ், ஹார்டுமார்ஜின்ஒய் என்று கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அழைக்கப்படும் பிரிண்ட்பேஜ் நிகழ்வில் வரையத் தொடங்கும் முன் டிரான்ஸ்லேட்டிரான்ஸ்ஃபார்ம் கொண்டு அந்த அளவு பின்னுக்கு இழுங்கள். ஆனால் ப்ரீவ்யூவில் இழுக்கக் கூடாது. பிரிண்ட்கண்ட்ரோலரின் இஸ்ப்ரீவ்யூ எது நடக்கிறது என்று சொல்லும்; அதைக் கேட்டுவிட்டு இழுங்கள். பேஜ்யூனிட்டை மில்லிமீட்டராக மாற்றியிருந்தால் இந்த இரண்டு எண்களையும் மில்லிமீட்டராக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏ4 தாள்தான் வைத்திருக்கிறேன். கீழ்ப்பகுதி சரியாக நிரம்பவில்லை.

டிரைவரில் தாள் அளவு லெட்டர் என்று இருக்கும். லெட்டர் என்பது 850க்கு 1100, ஏ4 என்பது 827க்கு 1169. பிரிண்டர்செட்டிங்ஸின் பேப்பர்சைசஸ் பட்டியலில் கைண்ட் ஏ4 ஆக இருப்பதைத் தேடி எடுத்துப் பொருத்துங்கள்.

பிரிண்டர் நிற்காமல் அதே பக்கத்தைத் துப்பிக்கொண்டே இருக்கிறது!

முதலில் பிரிண்டரை அணையுங்கள். பிறகு, இன்னும் பக்கம் உண்டா என்று சொல்லும் ஹேஸ்மோர்பேஜஸ் ஃபால்ஸ் ஆகும் இடத்தைப் பாருங்கள். அது ட்ரூவாக இருக்கும்வரை பிரிண்ட்பேஜ் திரும்பத் திரும்ப அழைக்கப்படும். இன்னொரு தவறு: எத்தனையாவது படம் என்று எண்ணும் மாறியை பிகின்பிரிண்டில் பூஜ்யமாக்க மறப்பது. ப்ரீவ்யூ ஒருமுறை ஓடி எண்ணிக்கையைக் கடைசிவரை கொண்டுபோயிருக்கும், அச்சில் வெற்றுத்தாள் வரும்.

பிழைச் செய்திகள் ஒன்றும் புரியவில்லை.

அவற்றை அப்படியே நம்பவும் கூடாது. இமேஜ்.ஃப்ரம்ஃபைல் 'அவுட் ஆஃப் மெமரி' என்றால் நினைவகம் தீர்ந்ததாக அர்த்தமில்லை. பெரும்பாலும் கோப்பு கெட்டிருக்கிறது, அல்லது ஜேபெக் என்று பெயர் வைத்த வேறு ஏதோ வகை. உண்மையிலேயே நினைவகம் போதாதபோது வருவது பலசமயம் 'பாராமீட்டர் இஸ் நாட் வேலிட்'. 'எ ஜெனரிக் எரர் அக்கர்டு இன் ஜிடிஐ பிளஸ்' என்றால், திறந்த கோப்பின் மேலேயே சேமிக்கப் பார்க்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஃப்ரம்ஃபைல் திறந்த கோப்பை, அந்தப் படத்தை டிஸ்போஸ் செய்து விடுவிக்கும்வரை பூட்டியே வைத்திருக்கும். படத்தை வேறொரு பிட்மேப்பில் வரைந்து எடுத்துக்கொண்டு, பழையதை டிஸ்போஸ் செய்துவிட்டுச் சேமியுங்கள். வேலை முடிந்ததும் தானே டிஸ்போஸ் செய்யும் யூசிங் தொகுதிக்குள் எழுதப் பழகினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

தேர்வு விண்ணப்பத்துக்கு 50 கேபிக்குள் படம் கேட்கிறார்கள். எப்படி?

இங்கே அச்சுக் கணக்கே வேண்டாம். பிக்சலும் ஜேபெக் தரமும் மட்டும்தான். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வுகளில் 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி என்று கேட்பார்கள். முதலில் பிக்சலைச் சுருக்குங்கள். பிறகு தரம் 95இல் தொடங்கி, கோப்பாக இல்லாமல் நினைவகத்திலேயே இருக்கும் மெமரிஸ்ட்ரீமில் சேமித்து நீளத்தைப் பாருங்கள். அதிகமாக இருந்தால் ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். என்கோடர்பாராமீட்டருக்குத் தரத்தை லாங் வகையாகத்தான் கொடுக்க வேண்டும். வெறும் 75 என்று எழுதினால் அதை பைட்டாக எடுத்துக்கொண்டு பிழை தரும். 75க்குப் பின்னால் எல் எழுத்தைச் சேருங்கள். பின்னணி வெட்டிய பிஎன்ஜியை ஜேபெக்காகச் சேமித்தால் வெட்டிய இடம் கருப்பாகிவிடும்; முதலில் வெள்ளை நிரப்பி அதன்மேல் வரையுங்கள்.

பில் போடும் தெர்மல் பிரிண்டரில் கடை லோகோ கருப்புத் திட்டாக வருகிறது.

அதற்குச் சாம்பல் நிறமே தெரியாது. சுடும், அல்லது சுடாமல் விடும். 58 மில்லிமீட்டர் தாள் பிரிண்டரில் ஒரு வரிக்கு 384 புள்ளிகள், 80 மில்லிமீட்டரில் பெரும்பாலும் 576. மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. இங்கே மட்டும் முன்கூட்டியே சரியாக அந்தப் புள்ளி அகலத்துக்குச் சுருக்கிவிடுங்கள், நீங்களே கருப்பு வெள்ளையாக்குங்கள். எழுத்து மட்டும் உள்ள லோகோ என்றால் நடு மதிப்பு 128இல் வெட்டினால் போதும். சாமி படம், முதலாளி படம் என்றால் ஃப்ளாய்டும் ஸ்டெயின்பெர்க்கும் 1976இல் வெளியிட்ட பிழை பரப்பும் முறை இன்றும் நன்றாக உழைக்கிறது. ஒரு பிக்சலைக் கருப்பாகவோ வெள்ளையாகவோ முடிவு செய்தபின் மிஞ்சும் வித்தியாசத்தில் 16இல் 7 பங்கை வலப்பக்கத்துக்கும், அடுத்த வரியில் இடமிருந்து வலமாக 3, 5, 1 பங்கையும் தள்ளிவிடுவது. பத்துப் பதினைந்து வரிக் குறியீடுதான். முதலாளி படத்துக்கு ஓட்டியபோது மீசை தனியாகத் தெரிந்தது, அவருக்கு மகிழ்ச்சி.

இதையே லினக்ஸ் சர்வரில் ஓட்டலாமா?

சி ஷார்ப் புரோகிராம்கள் ஓடும் தளமான டாட்நெட்டில், பதிப்பு 6 முதல் சிஸ்டம்.டிராயிங்.காமன் வின்டோஸுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. 6இல் ஒரு சுவிட்ச் போட்டுச் சமாளிக்கலாம், 7இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அளவு மாற்றுவதற்கு ஸ்கியாஷார்ப் அல்லது இமேஜ்ஷார்ப் நூலகத்தின் பக்கம் போங்கள். அச்சிட வேண்டும் என்றால் அங்கே பிடிஎஃப் ஆக்கி, அச்சு வேலையை லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸிடம் ஒப்படைப்பதுதான் வழி; பிடிஎஃபிலும் படத்தின் கட்டத்தை நீங்களே எழுதுவீர்கள், அங்கே அலகு அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு.